செம்மறிக்கு எது பருவம்: பகலின் நீளமா, மாரி மழையா?

கொழும்பில் ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 30 நிமிடம். மிகக் குறுகிய பகல் 11 மணி 45 நிமிடம். வெள்ளவத்தைக் கடற்கரைக்கு மாலையில் காற்று வாங்கப் போகிறவருக்கு, ஜூனிலும் டிசம்பரிலும் சூரியன் கடலில் இறங்கும் நேரம் அரை மணி அளவுதான் மாறுகிறது. ஸ்கொட்லாந்தின் எடின்பரோவிலோ கோடைப் பகல் 17 மணி நேரத்தைத் தாண்டும். குளிர்காலத்தில் அது 7 மணி நேரமாகச் சுருங்கிவிடும். அங்கே மேயும் செம்மறி எப்போது சினைக்கு வர வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதைப் பகலின் நீளத்தைப் பார்த்தே அறிந்துகொள்கிறது. இங்கே மேயும் செம்மறிக்கு அப்படிப் பார்ப்பதற்கு வானத்தில் ஒன்றுமில்லை.

கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டே வடக்கிலும் கிழக்கிலும் உள்ள பரம்பரைக் காணிகளில் சேதன முறையில் ஆடு வளர்க்க விரும்புகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. ஹோர்மோன் போடாமல், நமக்கு வேண்டிய மாதத்தில் குட்டி எடுக்க முடியுமா? அவர்கள் வாசித்துவிட்டு வரும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. கொட்டிலில் இரவு மின்விளக்கு எரிய விட வேண்டும், டோர்செட் இனம் வாங்க வேண்டும், கிடாயைப் பிரித்து வைக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. இவற்றில் பாதி நமக்குத் தேவையே இல்லை. மற்றப் பாதி நமக்கு மிகவும் தேவை; ஆனால் அதைச் செய்கிறவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். எது எந்தப் பாதி என்று பிரித்துக் காட்டவே இதை எழுதுகிறேன்.

முதலில் குளிர்நாட்டுச் செம்மறியின் கதை. கோடை முடிந்து இரவு நீளத் தொடங்கும்போதுதான் அதன் சூலகம் விழிக்கிறது. மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பி இருட்டில் மெலடோனினைச் சுரக்கிறது. இரவு நீள நீளச் சுரக்கும் நேரமும் நீளுகிறது. உடல் அந்த நேரத்தை அளந்து, இனப்பெருக்கத்துக்கான ஹோர்மோன்களைத் திறந்துவிடுகிறது. மெலடோனினை 1958இல் அமெரிக்கத் தோல் மருத்துவரான ஆரன் லேர்னர் மாட்டின் பீனியல் சுரப்பிகளிலிருந்து பிரித்தெடுத்தார். ஆனால் வெளிச்சத்துக்கும் செம்மறியின் பருவத்துக்கும் உள்ள தொடர்பு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. பூமத்திய ரேகையைத் தாண்டிக் கப்பலில் கொண்டுபோகப்பட்ட விலங்குகள் புதிய நாட்டின் பருவத்துக்கு ஏற்பத் தமது இனப்பெருக்கக் காலத்தை மாற்றிக்கொள்வதை பிரித்தானிய உடலியலாளர் மார்ஷல் 1937இல் எழுதினார். யேட்ஸ் என்ற ஆய்வாளர் 1949இல் வெளியிட்ட ஆய்வில், செயற்கை வெளிச்சத்தால் பகலின் நீளத்தை மாற்றி, செம்மறியின் இனப்பெருக்கக் காலத்தையும் மாற்ற முடியும் என்று காட்டினார்.

பருவம் திறந்ததும் ஏறத்தாழ 17 நாட்களுக்கு ஒருமுறை மறி ஆடு, அதாவது பெண் செம்மறி, வேட்கைக்கு வரும். வேட்கை ஒரு நாள் முதல் ஒன்றரை நாள் வரை நீடிக்கும். சினைக்காலம் ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவு, ஏறத்தாழ 147 நாள். ஒக்டோபரிலும் நவம்பரிலும் சினைப்பட்டால் மார்ச்சிலும் ஏப்ரலிலும் குட்டி கிடைக்கும். அப்போது பனி விலகிப் புல் துளிர்க்கும், தாய்க்குப் பால் பெருகும். குட்டியைப் பிழைக்க வைப்பதற்காக இயற்கை செய்துவைத்த ஏற்பாடு இது.

சந்தைக்கு இந்த ஏற்பாடு ஒத்துவருவதில்லை. எல்லாப் பண்ணைகளிலும் குட்டிகள் ஒரே காலத்தில் பிறந்தால் ஒரே காலத்தில் விற்பனைக்கு வரும், விலை விழும். ஈஸ்டர் விருந்துக்கு இளங்குட்டி இறைச்சி வேண்டுமானால் அது டிசம்பர், ஜனவரியில் பிறந்திருக்க வேண்டும். அதற்கு ஜூலை, ஓகஸ்டில் மறிகள் சினைப்பட வேண்டும். அப்போது அவற்றின் சூலகம் உறங்கிக்கொண்டிருக்கும். பருவம் தப்பிக் குட்டி எடுக்கும் முயற்சி முழுவதும் இந்த முடிச்சை அவிழ்க்கத்தான்.

உலகம் இதற்குக் கண்ட முதல் பெரிய தீர்வு ஆட்டைத் தொடவே இல்லை. 1882 பெப்ரவரியில் நியூசிலாந்தின் சார்மர்ஸ் துறையிலிருந்து ‘டனிடின்’ என்ற கப்பல் உறையவைத்த இறைச்சியை ஏற்றிக்கொண்டு லண்டனுக்குப் புறப்பட்டது. தென்னரைக்கோளத்தில் வசந்தம் செப்டெம்பரில் வருகிறது. அங்கே பருவத்தில் பிறந்த குட்டி, வடக்கே பருவமில்லாத காலத்தில் தட்டுக்கு வந்து சேர்ந்தது. கொழும்பு சுப்பர்மார்க்கெட்டின் உறைபெட்டியில் இன்று கிடக்கும் நியூசிலாந்து, அவுஸ்திரேலிய ஆட்டிறைச்சி அந்தக் கப்பல் திறந்துவிட்ட வழியில் வருவதுதான். கறிக்கு எலும்போடு நூறு கிராம் கூடுதலாகப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கும் நாம், அந்தப் பொதியில் இருக்கும் குட்டி எந்த மாதத்தில், எந்தப் புல்லில் வளர்ந்தது என்று கேட்பதில்லை.

இரண்டாவது தீர்வு ஹோர்மோன். புரோஜெஸ்டரோன் அல்லது அதைப்போன்ற பொருள் ஊறிய பஞ்சை மறியின் பிறப்புறுப்புக்குள் சுமார் இரண்டு வாரம் வைத்திருந்து எடுப்பார்கள். பஞ்சுக்குப் பதிலாக சிலிக்கோன் கருவியும் உண்டு. செம்மறிகளுக்காக அமெரிக்காவில் அதற்கு 2009இல் அனுமதி கிடைத்தது. எடுக்கும் நேரத்தில், சினைக் குதிரையின் இரத்தத்திலிருந்து பெறப்படும் ஒரு ஹோர்மோனை ஊசியாகப் போடுவார்கள். இரண்டு நாட்களுக்குள் மந்தை முழுவதும் ஒன்றாக வேட்கைக்கு வரும். மெலடோனினையே சிறு குளிகையாகக் காதின் தோலுக்கடியில் வைத்து, கோடையிலேயே இரவு நீண்டுவிட்டதாக உடலை நம்பவைக்கும் முறையும் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உண்டு. இவை வேலை செய்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் குதிரை இரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐஸ்லாந்திலும் தென் அமெரிக்காவிலும் சினையாக இருக்கும் குதிரைகளிடமிருந்து அது எடுக்கப்படுகிறது. அங்கே குதிரைகள் நடத்தப்படும் விதம் ஐரோப்பாவில் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியிருக்கிறது. ஓர் ஆட்டுக்குட்டியை மூன்று மாதம் முந்திப் பெறுவதற்கு இன்னொரு விலங்கின் இரத்தத்தை விலையாகக் கொடுப்பதை என் மனம் ஏற்கவில்லை.

சேதன விதிகளும் ஏற்பதில்லை. உலக உணவு விவசாய அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணைக்குழுவின் சேதன வழிகாட்டல், இனப்பெருக்கத்துக்காக ஹோர்மோன் பயன்படுத்துவதையும், ஓர் ஆட்டின் கருவை இன்னோர் ஆட்டுக்கு மாற்றும் கருமாற்றத்தையும் விலக்குகிறது. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 ஒழுங்குவிதியும் அப்படியே. இயற்கைச் சேர்க்கைதான் முறை, செயற்கை விந்தூட்டல் செய்யலாம், ஹோர்மோனால் சினையைத் தூண்டவோ தடுக்கவோ கூடாது. நோயுற்ற ஒரு தனி ஆட்டுக்கு மிருக வைத்தியர் சிகிச்சையாகக் கொடுப்பது மட்டும் விதிவிலக்கு. அந்த ஒழுங்குவிதியின் கீழ் வந்த நடைமுறை விதி குட்டிக்குக் குறைந்தது 45 நாட்கள் பாலூட்ட வேண்டும் என்கிறது. அமெரிக்க விதி இன்னொரு படி பின்னோக்கிப் போகிறது: சேதன இறைச்சியாக விற்கப்படும் குட்டியின் தாய், சினைக்காலத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கிலிருந்தே சேதன முறையில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். அதாவது குட்டி பிறப்பதற்கு ஏறத்தாழ 50 நாள் முன்பே கணக்குத் தொடங்கிவிடுகிறது. இலங்கைக்கும் SLS 1324 என்ற சேதன விவசாயத் தரநியமம் உண்டு. ஏற்றுமதி எண்ணம் உள்ளவர்கள், எந்தச் சந்தைக்கு விற்கிறோமோ அந்தச் சந்தையின் விதியை முதலில் கையில் எடுத்துக்கொள்வது நல்லது.

‘சேதனம்’ என்ற சொல்லே நம் நாட்டில் பலருக்குக் கசந்துவிட்டது என்பதை நான் அறிவேன். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே உத்தரவில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அரசு பின்வாங்கியது. இடையில் நெல் வயலும் தேயிலைத் தோட்டமும் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. அந்த அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று: ஒரு பொருளை விலக்குவதோடு சேதன விவசாயம் தொடங்கிவிடுவதில்லை. விலக்கிய பொருள் செய்துவந்த வேலையை வேறு எது செய்யும் என்பதை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். செம்மறி விடயத்திலும் அதேதான். ஹோர்மோன் பஞ்சு வேண்டாம் என்றால், அது செய்த வேலையைச் செய்வது யார்?

குளிர்நாட்டுச் சேதனப் பண்ணையாளர்கள் இதற்கு இனத்தைப் பார்க்கிறார்கள். டோர்செட், மெரினோ, ரம்புயே போன்ற இனங்களின் இனப்பெருக்கக் காலம் மற்றவற்றைவிட நீளமானது. மெரினோ, மத்தியதரைக் கடற்பகுதியில் உருவான இனம். பகலின் நீளம் அங்கே அவ்வளவு மாறுவதில்லை. கரீபியன் தீவுகளின் பார்படோஸ் கருவயிற்று இனம் போன்ற, கம்பளியில்லாமல் மயிர் மட்டும் வளரும் மயிர்ச்செம்மறிகள் ஆண்டு முழுவதும் சினைப்படும். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஆண்டை 73 நாட்கள் கொண்ட ஐந்து பகுதிகளாகப் பிரித்து ஒரு முறையை வகுத்தார்கள். சினைக்காலம் இரண்டு பகுதி, அதாவது 146 நாள். அதன்படி ஒரு மறி மூன்று ஆண்டுகளில் ஐந்து முறை ஈனலாம். கணக்கு அழகானது. ஆனால் காய்ந்த புல்லில் வாழும் நமது சிறு உடல் மறிகளுக்கு அந்தக் கணக்கைப் பொருத்திப் பார்க்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். இரண்டு ஆண்டுகளில் மூன்று ஈற்று என்பதே நல்ல தீனி உள்ள இடத்தில் மட்டும் செய்யத்தக்கது.

யாழ்ப்பாணத்து உள்ளூர்ச் செம்மறியும், இராமநாதபுரம், மதராஸ் சிவப்பு போன்ற தமிழ்நாட்டு இனங்களும் வெப்பநாட்டு மயிர்ச்செம்மறிகளே. பகலின் நீளம் இவற்றைப் பூட்டி வைப்பதில்லை. உடலில் தெம்பு இருந்தால் எந்த மாதத்திலும் இவை சினைப்படும். அதனால்தான் விளக்கும் டோர்செட்டும் நமக்கு வேண்டாத பாதி என்றேன். எடின்பரோப் பண்ணையாளர் பணம் கொடுத்து வாங்க முயலும் குணம் நம் பட்டியில் பிறவியிலேயே இருக்கிறது.

அப்படியானால் ஏன் நமக்கு வேண்டிய மாதத்தில் குட்டி கிடைப்பதில்லை?

வடமராட்சியில் என் பெரியம்மா பத்துப் பன்னிரண்டு செம்மறி வைத்திருந்தார். ஒருமுறை அவரிடம், “கிடாயை எப்போது சேர்ப்பீர்கள் பெரியம்மா?” என்று கேட்டேன். “சேர்ப்பதா? அது எப்போதும் பட்டியில்தானே நிற்கிறது, வேறு எங்கே போகும் தம்பி?” என்றார். அவருடைய பட்டியில் தையில் ஒரு குட்டி, வைகாசியில் இரண்டு, ஆவணியில் ஒன்று என்று பிறந்தன. ஆவணிக் குட்டி பெரும்பாலும் தப்பவில்லை. ஒரே வயதில், ஒரே எடையில் ஐந்து குட்டி ஒருபோதும் சேர்ந்ததில்லை. வியாபாரி வந்தால் அன்றைக்கு எது கொழுத்து நிற்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு போவார். கிடாயும் மாறவில்லை, அதன் மகளையே அது சினைப்படுத்தியது. நம் ஊர்ப் பட்டிகளில் அநேகமானவை இன்றும் இப்படித்தான் இருக்கின்றன. கிடாய் எப்போதும் உடன் நிற்பதால், ஹோர்மோன் பஞ்சின் வேலையைச் சம்பளமில்லாமல் செய்யக்கூடிய ஒரு வழியை நாமே அடைத்து வைத்திருக்கிறோம்.

அந்த வழியை முதன்முதலில் ஆய்வாக எழுதியவர்கள் அவுஸ்திரேலியாவில் 1944இல் அண்டர்வுட்டும் அவரது தோழர்களும். கிடாயின் வாடையும் பார்வையும் சத்தமும் எட்டாத தூரத்தில் மறிகளை ஒரு மாதம் போல வைத்திருந்து, பிறகு திடீரென்று கிடாயை உள்ளே விட்டால், உறங்கியிருந்த சூலகம் விழித்துக்கொள்கிறது. சில நிமிடங்களிலேயே மறியின் இரத்தத்தில் இனப்பெருக்க ஹோர்மோனின் துடிப்பு வேகமெடுக்கும். இரண்டு மூன்று நாட்களில் முட்டை வெளிப்படும். ஆனால் அந்த முதல் முறையில் மறி வேட்கையின் அறிகுறி எதையும் காட்டாது, கிடாயை ஏற்காது. பார்க்கிறவர் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று கைவிட்டுவிடுவது இங்கேதான். ஒரு பகுதி மறிகள் 17 முதல் 20 நாட்களுக்குள் வேட்கைக்கு வரும். இன்னொரு பகுதிக்கு இடையில் ஆறு நாள் போன்ற ஒரு குறுஞ்சுழற்சி வந்து போவதால் அவை 24 முதல் 26 நாட்களுக்குள் வரும். ஐந்து மாதம் கழித்துப் பட்டியில் இரண்டு அலையாகக் குட்டிகள் பிறக்கும். ஒரே பத்து நாளுக்குள் பெரும்பாலான ஈற்று முடிந்துவிட்டால், பட்டிக்காரர் அந்தப் பத்து நாளும் இரவில் விழித்திருந்து குட்டிகளைக் காக்க முடியும். ஆண்டு முழுவதும் யாரால் விழித்திருக்க முடியும்?

இதில் கிடாயின் வாடைக்குப் பெரும் பங்கு உண்டு. வெள்ளாட்டில் இந்த வாடையை ஆராய்ந்த ஜப்பானிய ஆய்வாளர்கள், கிடாயின் தலை மயிரிலிருந்து வெளிப்படும் ஒரு பொருள் பெண் ஆட்டின் மூளையில் இனப்பெருக்க மையத்தைத் தூண்டுவதாக 2014இல் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் 4-எதில்ஒக்டனல். அதன் நெருங்கிய உறவான அமிலம்தான் கிடாயின் மொச்சை வீச்சத்துக்கு முக்கிய காரணம். கொழும்பில் ‘மட்டன்’ என்று கேட்டால் வெள்ளாட்டையே எதிர்பார்க்கும் நம்மவர்கள் செம்மறியைத் தள்ளிவைப்பதற்குச் சொல்லும் காரணமும் வீச்சம்தான். அந்த வீச்சம் வயதோடு கூடும், காயடிக்காத கிடாயில் இன்னும் கூடும். ஒரு வயதுக்குள், நிலைப்பல் முளைக்கும் முன் அறுக்கப்பட்ட குட்டியில் அது மிகக் குறைவு. மாதத்தைத் திட்டமிட்டுக் குட்டி எடுப்பதன் பயன் சமையலறை வரை வருகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

கிடாயைத் திடீரென விட்டு மறியை எழுப்பும் இந்தக் கிடாய் விளைவு நம் நாட்டு மறிகளில் எப்படி வேலை செய்யும் என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சுழற்சியில் உள்ள மறியை அது புதிதாக எழுப்பப்போவதில்லை. ஈன்றபின் பாலூட்டிக்கொண்டும், கோடையில் மெலிந்தும் ஓய்ந்துபோன மறிகளைத்தான் அது எழுப்பும். எலும்பும் தோலுமாக நிற்கும் மறியை எந்தக் கிடாயாலும் எழுப்ப முடியாது. ஆனாலும் கிடாயைப் பிரித்து வைப்பதால் உறுதியாகக் கிடைக்கும் ஒரு பலன் உண்டு: நாம் குறித்த நாளுக்கு முன் எந்தக் குட்டியும் உருவாகாது. பழகாத புதுக் கிடாய் பழகிய கிடாயைவிட நன்றாகத் தூண்டுகிறது என்பதும் மேற்கு அவுஸ்திரேலிய ஆய்வுகளிலிருந்து தெரிந்த விடயம். அயலூர்ப் பட்டிக்காரர் இருவர் தமது கிடாய்களைப் பரிமாறிக்கொண்டால் போதும். செலவே இல்லாமல் இரு பட்டிக்கும் புதுக் கிடாய் கிடைக்கும், தகப்பன் மகளைச் சேரும் குற்றமும் நின்றுவிடும். இப்படி ஒன்றாகச் சினைப்படுத்தும்போது 20 மறிக்கு ஒரு கிடாய் என்ற அளவு வேண்டும். கிடாயின் நெஞ்சில் செங்காவியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசிவிட்டால், எந்த மறியைச் சேர்ந்தது என்பது அதன் முதுகில் தெரியும். 17 நாள் கழித்து நிறத்தை மாற்றிப் பூச வேண்டும். புது நிறமும் முதுகில் விழுந்தால் அந்த மறி முதல்முறை சினைப்படவில்லை என்று பொருள். கிடாயின் விந்து உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். ஆகவே சித்திரை வெயிலில் நிழலின்றி நின்ற கிடாயின் குறை ஆனியில்தான் வெளிப்படும். சேர்க்கப்போகும் மாதத்தில் மட்டும் கிடாயைக் கவனித்துப் பயனில்லை.

இனி மழைக்கு வருகிறேன். பகல் வகுக்காத பருவத்தை நம் வடக்கில் மாரி வகுக்கிறது. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையில் புல் எழும்புகிறது. தை, மாசி வரை பச்சை இருக்கிறது. வைகாசியிலிருந்து சோளகக் காற்று நிலத்தை உலர்த்துகிறது. ஆவணி, புரட்டாதியில் ஆட்டுக்குக் கிடைப்பது சருகும் தூசியும்தான். எப்போதும் கிடாய் நிற்கும் பட்டியில் மறிகள் மாரிப் புல் தின்று தெம்படைந்து, தை மாசியில் சினைப்படும். குட்டி ஆனி, ஆடியில், தீனி இல்லாத நேரத்தில் விழும். கருவிலிருக்கும் குட்டியின் வளர்ச்சியில் ஏறத்தாழ எழுபது சதவீதம் கடைசி ஆறு வாரங்களில் நடக்கிறது. அந்த ஆறு வாரமும் வறண்ட வைகாசி, ஆனியில் போய்விடும். பெரியம்மாவின் கோடைக் குட்டிகள் ஏன் தப்பவில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

அப்படியானால் நடு மாரியிலேயே குட்டி பிறக்கட்டும் என்று தோன்றும். அங்கே குடற்புழு காத்திருக்கிறது. ஆட்டின் நான்காம் வயிற்றில் இருந்து இரத்தம் குடிக்கும் ஹேமோன்கஸ் என்ற புழு, வெப்பமும் ஈரமும் சேர்ந்த நிலத்தில்தான் பெருகும். ஈனும் காலத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்து, அதன் சாணத்தில் புழு முட்டைகள் பன்மடங்காகும். ஈரப் புல்லில் அந்த முட்டைகள் பொரித்து, புதிதாக மேயப் பழகும் குட்டியின் வாய்க்குப் போய்ச் சேரும். வழக்கமான பண்ணையில் மாதாமாதம் பூச்சி மருந்து ஊற்றிவிடலாம். சேதன முறையில் அப்படித் திட்டமிட்டு எல்லா ஆட்டுக்கும் ஊற்ற அனுமதி இல்லை. கீழ் இமையைத் தாழ்த்திப் பார்த்து, வெளிறியிருக்கும் ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுக்க வேண்டும். இமையின் நிறத்தை ஒப்பிடுவதற்கு தென்னாபிரிக்காவில் உருவாக்கிய வண்ண அட்டை உலகெங்கும் பயன்படுகிறது. ஆகவே சேதனப் பட்டிக்காரர் புல் இருக்கும் காலத்தையும் புழு இல்லாத காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவராகிறார்.

இரண்டும் சேரும் இடம் மாசி நடுப்பகுதி, அதாவது பெப்ரவரிக் கடைசி. மழை விட்டு, வெயில் ஏறி, மேய்ச்சல் நிலம் உலரத் தொடங்கியிருக்கும். தாய் சினையின் கடைசி ஆறு வாரத்தையும் தைப் புல்லில் கழித்திருக்கும். சித்திரையில் விழும் இடைப்பருவ மழை கொஞ்சம் துளிர் கொடுக்கும். அதற்குள் 45 நாள் பாலூட்டலும் முடிந்துவிடும். குட்டி மேய்ந்து வளரும் மாதங்கள் வெயில் மாதங்கள், புழு குறைந்த மாதங்கள். ஐப்பசித் தீபாவளிக்கு அது எட்டு மாதக் குட்டியாக, நிலைப்பல் முளைக்காத வயதில் கொழும்புக்கு வந்து சேரும்.

கொழும்பின் கேள்வியோ வானத்தையும் மழையையும் பார்த்து எழுவதில்லை, பண்டிகைகளைப் பார்த்தே எழுகிறது. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஆட்டுப்பட்டித் தெரு என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. ஆட்டுக்கும் இந்த நகருக்கும் உள்ள உறவு புதிதல்ல. தீபாவளி, நத்தார், ஈஸ்டர் ஆகியவை ஓரளவு நிலையான மாதங்களில் வருகின்றன. போயா நாட்களில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். ஹஜ்ஜுப் பெருநாளின் கணக்கு வேறு. ஹிஜ்ரி ஆண்டு 354 நாட்களைக் கொண்டது என்பதால் பெருநாள் ஒவ்வோர் ஆண்டும் 10, 11 நாள் முன்னே நகர்கிறது. 2010இல் நவம்பர் நடுவில் வந்தது. 2025இல் ஜூன் முதல் வாரத்தில் வந்தது. 2035இல் பெப்ரவரியில் வரும். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பான்மையாகப் பின்பற்றும் ஷாஃபி வழக்கில் குர்பானிச் செம்மறி பொதுவாக ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். வெள்ளாட்டுக்கு இரண்டு வயது. எனவே 2025 ஜூன் பெருநாளுக்கான செம்மறி 2024 மே மாதத்துக்குள் பிறந்து, 2023 டிசம்பருக்குள் சினைப்பட்டிருக்க வேண்டும். மாரிப் புல் இருக்கும் காலம் அது, சினைப்படுத்துவது எளிது. 2035 பெப்ரவரிக்கான குட்டியோ 2033 செப்டெம்பரில் சினைப்பட வேண்டும். ஹஜ்ஜுக்கு விற்கும் பட்டிக்காரர் தனது கிடாயை விடும் நாளை ஆண்டுதோறும் 11 நாள் முன்னே தள்ளிக்கொண்டே போனால், இன்னும் சில ஆண்டுகளில் வறட்சியின் நடுவில் நிற்பார்.

தீபாவளிக் குட்டிக்கும் அதே இடம்தான். பெப்ரவரிக் கடைசியில் பிறக்க வேண்டியது செப்டெம்பர் இறுதியில், ஒக்டோபர் தொடக்கத்தில் சினைப்பட வேண்டும். ஆண்டிலேயே மறி மிக மெலிந்திருக்கும் வாரங்கள் அவை. குளிர்நாட்டில் பருவத்தைத் தடுப்பது வெளிச்சம் என்றால், நம் நாட்டில் தடுப்பது புரட்டாதி மாதத்துப் பசி. ஹோர்மோன் பஞ்சு வைத்தாலும் அந்தப் பசி தீராது. கிடாய் விடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து, விட்ட பின் மூன்று வாரம் வரை, மறிக்கு நல்ல தீனி கொடுத்தால் சினைப்படுவதும் கூடும், இரட்டைக் குட்டியும் கூடும். முதுகெலும்பின் மேல் கையை வைத்துத் தடவினால் முட்கள் ஒவ்வொன்றாகக் குத்தக் கூடாது. சதைக்கடியில் மழுங்கித் தெரிய வேண்டும். குத்துகிற மறியை அந்த ஆண்டு கிடாயிடம் விடாமல் இருப்பதுதான் அதற்குச் செய்யும் தயவு.

ஆறு வாரத் தீனி எங்கிருந்து வரும் என்றால், வேலியிலிருந்து வரும். சீமைக்கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் வறட்சியிலும் குழை தரும் மரங்கள். அவற்றின் இலையில் காய்ந்த புல்லைவிடப் புரதம் பல மடங்கு. மாரி முடிந்ததும் ஒருமுறை, ஆனியில் ஒருமுறை கொப்பு வெட்டினால் ஆவணியில் இளங்குழை நிற்கும். வெட்டிய குழையை ஒரு நாள் வாடவிட்டுக் கொடுத்தால், முதலில் முகர்ந்துவிட்டு விலகும் ஆடும் பழகிவிடும். எள்ளுப் புண்ணாக்கோ தவிடோ கொஞ்சம் சேர்க்கலாம். அதுவும் சேதன முறையில் விளைந்ததா என்று சான்றிதழ் கொடுப்பவர் கேட்பார். வேலிக் குழைக்கு அந்தக் கேள்வியே எழாது.

ஆனால் வேலிகள் குறைந்து வருகின்றன. வடக்கில் ஒவ்வொரு முறை போய்வரும்போதும் கிளுவை வேலி நின்ற ஒழுங்கையில் சீமெந்து மதில் எழும்பியிருப்பதைக் காண்கிறேன். வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் போகும் பணம்தான் அதைக் கட்டுகிறது, நானும் அனுப்பியிருக்கிறேன். பெரியம்மா வீட்டுத் தெற்கு எல்லையில் நின்ற பூவரசுகள் அப்படித்தான் போயின. பட்டி தொடங்கப்போவதாகச் சொல்லி என்னிடம் வருகிறவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது எந்த இனம் வாங்கப்போகிறீர்கள் என்றல்ல. காணியின் நான்கு எல்லையிலும் என்ன நிற்கிறது என்று கேட்கிறேன். மதில் என்றால், மதிலுக்கு உட்புறமாக மூன்றடி விட்டு இந்த மாரிக்கே சீமைக்கிளுவைத் தடி நடுங்கள், ஆடு அடுத்த ஆண்டு வாங்கலாம் என்கிறேன்.